யாருடைய முதுகு?

மரகதத்துக்கு முதுகு வலித்தது. அது அவளுடைய முதுகுதானா என்பதில்தான் சந்தேகம்.

மேலிருந்து கீழே விழும் வழக்கத்தை அன்றைய மழை கைவிட்டிருந்தது. இடப்பக்கமிருந்து அடித்தது, வலப்பக்கமிருந்து அடித்தது, கொஞ்ச நேரம் தரையிலிருந்து மேல்நோக்கிக்கூட அடித்தது. கூனமலையின் இரண்டாம் ஏற்றத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு புதரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திடீரென்று ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போயின. ஐந்து வாயும் சேர்ந்து "அம்மா!" என்றன.

"இப்ப யாருங்க அது?" என்று கத்தினார் சுந்தரவடிவேல்.

"நானில்லைங்," என்றார் நஞ்சப்பன்.

"நானும் இல்லை. ஆனா எனக்கு வலிக்குது," என்றாள் பிலோமினா.

"வலிக்கிறது எல்லாருக்கும்தான் வலிக்குதுக்கா. அது யாரு வலின்னுதான் ஃபோர்மேன் கேக்கறாரு," என்றான் ஜாகீர்.

நால்வரும் மெல்லத் திரும்பி மரகதத்தைப் பார்த்தார்கள். மரகதம் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஐவரும் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை செய்பவர்கள். சுந்தரவடிவேல் சோதனைப் பிரிவு ஃபோர்மேன். வாரத்தில் ஐந்து நாள் எந்தப் பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்று பார்ப்பவர், மீதி இரண்டு நாள் மனிதர்களை ஏற்றிப் பார்ப்பார். அதற்காகவே கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பிலோமினா ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். ஒரு போல்ட் குறைந்தாலும் யார் எடுத்தது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். ஜாகீர் வேன் ஓட்டுபவன். நஞ்சப்பன் ராத்திரிக் காவல்காரர், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மரகதம் பேக்கிங் பிரிவு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அட்டைப்பெட்டிகளோடு பழக ஆரம்பித்தவள். அட்டைப்பெட்டிகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அவளுக்கு அவற்றைப் பிடிக்கும்.

அவள் உடம்பு கொஞ்சம் பெரியது. போன தடவை மலையேறியபோது இரண்டு இடத்தில் அவளுக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. "இந்த வாட்டி பின்தங்கினீன்னா அடுத்த வாட்டி பேர் சேக்க முடியாது, அம்மணி," என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழுதான பம்பில் சிவப்புச் சீட்டு ஒட்டும்போது பேசும் குரலில் சொன்னார். மரகதத்தை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்த்ததில்லை; இது ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று அவள் ஒரு மாதமாகத் தினமும் நான்கு மாடி ஏறி இறங்கிப் பழகியிருந்தாள்.

பழகியதெல்லாம் வீண் என்று ஆக்கியது அந்தப் பட்டை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கறுப்பாக ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள்.

"முன்னெல்லாம் குழுவா ஏறுவாங்க, ஒருத்தருக்கு முடியலைன்னா அப்படியே விட்டுட்டு மேலே போயிடுவாங்க. அப்புறம் பனியில நாங்க தேடணும்," என்றாள் அவள். "அதனாலதான் இந்தப் பங்குப்பட்டை. உங்க குழுவோட களைப்பு மொத்தத்தையும் கூட்டி, ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக் குடுத்துரும். ஒருத்தருக்கு மட்டும் கால் ஓயாது. ஓஞ்சா எல்லாருக்கும் ஓயும்."

"என்ற பங்கை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லுங்க," என்றான் ஜாகீர்.

"தூரமாப் போயிட்டா அறுந்துருமுங்களா?" என்று கேட்டார் சுந்தரவடிவேல்.

"அறாதுங்க சார். நேரா செயற்கைக்கோளோட பேசுது. தூரம் ஒரு விஷயமே இல்லை. ஆனா ஆறு பேருக்குக் குறைஞ்சா மலையேற விடமாட்டோம்."

ஃபோர்மேன் தலையை ஆட்டிக்கொண்டார். ஆறாவது ஆள் அவர் மனைவி கமலவேணி; அவருக்கான பட்டையை ஃபோர்மேனே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். இருபத்தாறு வருடமாகக் கணவர் மலையேறிவிட்டு வந்து சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இந்தத் தடவை புது கான்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்தார். ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் வேன் வீட்டு வாசலுக்குப் போனபோது ஃபோர்மேன் மட்டும்தான் வந்தார்.

"தாராபுரத்துல இருந்து என்ற அக்கா வந்துட்டாங்க, குடும்பத்தோட. எட்டுப் பேரு. அவ எப்படி வர்றது?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வாசல்படியில் அந்த ஷூ இரண்டும் உள்ளே அடைத்த காகிதத்தோடு கிடந்ததை மரகதம் பார்த்தாள்.

மலையடிவாரத்து கேட்டில் காவலர் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டாமலே திரையைப் பார்த்தார். அதில் ஆறு என்றிருந்தது. கேட்டைத் திறந்துவிட்டார். "ஆளை எண்ணாம எண்ணைப் பாத்துத் திறக்கறாரு பாரு," என்று ஜாகீர் சிரித்தான். "பேசாம வண்டியை எடு," என்றார் ஃபோர்மேன்.

அதன் பிறகுதான் எல்லாம் விசித்திரமாக நடக்க ஆரம்பித்தது.

மலை ஏறினால் தொடை வலிக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். இவர்களுக்கு மணிக்கட்டு வலித்தது. தோள்பட்டை வலித்தது. சமதரையில் உட்கார்ந்து அட்டைப்பூச்சியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது நடு இடுப்பில் சுளீர் என்றது. சனிக்கிழமை ராத்திரி தகரக் கொட்டகையில் படுத்தவர்கள், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்து ஐந்து பேரும் கையை உதறினார்கள்.

"தூக்கத்துல யாராச்சும் மலை ஏறுனீங்களா?" என்று கேட்டான் ஜாகீர்.

யாரும் சிரிக்கவில்லை. முந்தின ராத்திரி மரகதம் ஏழு சப்பாத்தி சாப்பிட்டதை எல்லாரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

இப்போது இரண்டாம் ஏற்றத்தில், மழை முகத்தில் அறைய, சுந்தரவடிவேல் விசிலை ஊதினார். அதற்குள் தண்ணீர் போயிருந்ததால் அது குமிழி விட்டது.

"இப்படியே போனா ஓடை பெருகறதுக்குள்ள தாண்ட முடியாது. உச்சி அரை மணி நேரத்துல இருக்குது. ஒருத்தருக்காக நாலு பேரு நிக்க முடியாதுங்க," என்றார். பக்கத்தில் குடைபோல் கவிந்த ஒரு பாறையைக் காட்டினார். "அம்மணி, நீ இதுக்கடியில உக்காந்துக்க. உன் பட்டையை விடுவிச்சுடறேன். திரும்பி வர்றப்போ கூட்டிக்கிறோம். மத்தவங்க என்ன சொல்றீங்க?"

ஜாகீர் மழையைப் பார்த்தான். நஞ்சப்பன் தொண்டையைக் கனைத்தார். பிலோமினா, "தனியா பயப்பட மாட்டியே?" என்று கேட்டாள். அது சம்மதம் என்று அர்த்தம்.

நானில்லை என்று சொல்ல மரகதம் வாயைத் திறந்தாள். நானாகத்தான் இருக்குமோ என்று அவளுக்கே தோன்றியதால் மூடிக்கொண்டாள். சுந்தரவடிவேல் தன் பட்டையில் இரண்டு முறை தட்டினார்.

என்ன ஆயிற்று என்று மரகதத்துக்கு முதலில் புரியவில்லை. தலையில் வைத்திருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொண்டாற்போல் இருந்தது. முதுகு நிமிர்ந்தது. மணிக்கட்டு வலி இல்லை. தொடையில் மட்டும் நான்கு மாடி ஏறினால் வருமே, அந்த அளவுக்கு ஒரு சூடு. அவ்வளவுதான். அவளுக்கு ஓடக்கூட முடியும் போலிருந்தது.

எதிரே ஜாகீர் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான். "யா அல்லா! கூடிப்போச்சுங்க! முன்னைக்கு இப்பத்தான் ஜாஸ்தியா வலிக்குது!"

"எனக்குந்தான்," என்றார் நஞ்சப்பன், புதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"எனக்கு... எனக்கு ஒண்ணுமே இல்லைங்க," என்றாள் மரகதம். அன்றைக்கு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

பிலோமினாவின் கண் சுருங்கியது. ஸ்டோர்ஸில் சாமான் குறையும்போது சுருங்குவதுபோல. "அப்படின்னா இவ பாரம் இல்லை. இவ நம்ம பாரத்தைச் சுமந்துட்டிருந்தா. அஞ்சு பேரு சுமந்ததை இப்ப நாலு பேரு சுமக்கறோம். ஃபோர்மேன், என்னையும் விடுவிச்சுருங்க."

விடுவித்தார். பிலோமினா நிமிர்ந்தாள். "நானுமில்லை," என்றாள் வெற்றியோடு. அடுத்து நஞ்சப்பன். "அட, என்ற கால் நல்லாத்தான் இருக்குது!" கடைசியில் ஜாகீர் எழுந்து, சேற்றிலேயே ஒரு குதி குதித்தான்.

சுந்தரவடிவேல் மட்டும் மண்டியிட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து, பாறைக்கடியில் படுத்தே விட்டார். "ஐயோ, என்ற இடுப்பு," என்றார் வாய்க்குள்.

"அப்ப நீங்கதானா ஃபோர்மேன்!" ஜாகீருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ரெண்டு நாளா எங்களைச் சந்தேகப்பட்டுட்டு, நீங்களேதானா?"

"நானில்லடா..."

மரகதம் குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டையின் சின்னத் திரையில் மழைத்துளியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சார், இதுல ரெண்டுன்னு காட்டுதுங்க."

சுந்தரவடிவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாங்க நாலு பேரும் போயாச்சு. நீங்க ஒண்ணு. இன்னொண்ணு யாருங்க?"

ஃபோர்மேன் பட்டையை மற்றக் கையால் மூடப் பார்த்தார்.

"கமலா," என்றார் ஃபோர்மேன் கடைசியில். "பட்டையைக் கழட்டினா கேட்டுல அஞ்சுன்னு காட்டும், உள்ளே விடமாட்டாங்க. கட்டிட்டே இருன்னு சொல்லிட்டு வந்தேன்." மூச்சு வாங்கினார். "இன்னொண்ணும் நினைச்சேன். வீட்டுல சும்மா இருக்கற ஆளு ஒருத்தரு குழுவுல இருந்தா, நம்ம களைப்புல ஒரு பங்கு அங்கே போயிரும். நமக்கு லேசா இருக்கும்னு."

"சும்மா இருக்கற ஆளு," என்றாள் பிலோமினா. "எட்டு விருந்தாளியோட."

எட்டு விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பாறையின் விளிம்பில் ஒரு கோடு சிக்னல் வந்தது. ஜாகீர் ஃபோர்மேனின் போனைப் பாலித்தீன் பையோடு எடுத்து, வீட்டு எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்திப் பிடித்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க, முக்காலி மேல நிக்கறேன்," என்றது கமலவேணியின் குரல். அதில் ஒரு துள்ளல் இருந்தது.

"முக்காலி மேல எதுக்கு?" என்றார் ஃபோர்மேன் படுத்தபடியே.

"பரண் மேல இருக்கற அண்டாவெல்லாம் இறக்கித் தேய்ச்சுட்டிருக்கேனுங்க. பதினாலு வருசத்து அழுக்கு! உங்க அக்கா வீட்டுக்கெல்லாம் இட்லி ஊத்தியாச்சு. திரைச்சீலை பூரா துவைச்சுக் காயப்போட்டாச்சு, வராண்டாவுல. மோட்டார் ஓடலை, கீழே இருந்து தண்ணி நானே தூக்கிட்டு வந்துட்டேன், பன்னெண்டு குடம். என்னமோ தெரியலீங்க, வெள்ளிக்கிழமையில இருந்து உடம்பு பஞ்சாட்டம் இருக்குது. எதைத் தூக்குனாலும் கனமே தெரியலை. அதான், இந்த உடம்பு இருக்கறப்பவே எல்லாத்தையும் முடிச்சுரலாம்னு..." சிரித்தார். "ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. அந்தப் புது ஷூவைப் போட்டுட்டுத்தான் வீடெல்லாம் நடந்துட்டிருக்கேன்."

நஞ்சப்பன் மெல்ல ஃபோர்மேனின் காதருகே குனிந்தார். "அம்மாவை விடுவிச்சுருங்க சாமி. ரெண்டு தட்டு. நீங்க எந்திரிச்சுக்கலாம். ஓடையைத் தாண்டிரலாம்."

சுந்தரவடிவேலின் விரல் பட்டைமேல் போனது. வலி அவர் முகத்தை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"வேண்டாம்!" என்று ஒரு அலறல் கேட்டது. அலறியது தான்தான் என்று மரகதத்துக்கு ஒரு கணம் கழித்தே தெரிந்தது. "அவங்க முக்காலி மேல நிக்கறாங்க! ரெண்டு நாள் களைப்பு மொத்தமும் ஒரே நொடியில அவங்க கால்ல இறங்கும்!"

விரல் அந்தரத்தில் நின்றது.

"யாருங்க அது, மரகதமா?" என்றது போன். "அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு குரல் இருக்குதா?"

"கமலா, முதல்ல கீழே இறங்கு," என்றார் ஃபோர்மேன். "இறங்கிட்டியா? உக்காரு. உக்காந்தாத்தான் சொல்லுவேன்."

சொன்னார். பம்பு சோதனைக் குறிப்பு வாசிக்கிறவர்போல, ஒன்றுவிடாமல், தன் தப்பையும் சேர்த்துச் சொன்னார். மறுமுனையில் ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அப்ப," என்றார் கமலவேணி, "எனக்கு வயசு குறையலீங்களா?"

ஜாகீர் போனை ஃபோர்மேனின் வாயருகே கொண்டுபோனான்; அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் என்னமோன்னு நினைச்சுட்டேன்." குரல் சமாளித்துக்கொண்டது. "சரிங்க, எடுத்துருங்க. உக்காந்துதான் இருக்கேன். கொட்டற மழையில எல்லாரும் எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம். பாவம், அந்தப் பிள்ளைங்க."

ஃபோர்மேன் விரலை எடுக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. மரகதம் அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"என்னை மறுபடி சேத்துக்கங்க சார்."

"அம்மணி, இது வலிக்குது."

"தெரியுமுங்க. ரெண்டு நாளா எனக்குந்தானே வலிச்சுது."

அடுத்து பிலோமினாவின் கை வந்தது. ஜாகீர், "இருங்க, நல்லா ஒரு தடவை குதிச்சுக்கறேன்," என்று குதித்துவிட்டு வந்து நீட்டினான். நஞ்சப்பன் உச்சி இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தார். அங்கே வெறும் வெள்ளையாக இருந்தது. "அங்க போயும் இதே மழையைத்தான் பாக்கணும்," என்று சொல்லிக் கையைக் கொடுத்தார்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஃபோர்மேன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நேரானது.

"கமலா, கேளு. நாங்க கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் படுக்கப் போறோம். அஞ்சு பேரு இளைப்பாறினா உனக்கும் சேரும். நீயும் படுத்துரு."

"படுக்கறதா? மணி பதினொண்ணு. எட்டுப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு?"

சுந்தரவடிவேல் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அக்காகிட்ட போனைக் குடு," என்றார்.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பாறையின் மறு ஓரத்துக்குப் போனார். மழையில் துண்டு துண்டாகத்தான் கேட்டது. "இல்லீங்க்கா... ஆமாங்க்கா... சோறு மட்டும் வெச்சா போதுமுங்க்கா... இல்லீங்க்கா, அவ ஒண்ணும் சொல்லலை, நானாத்தான்..." வழுக்குப்பாறையில் ஏறும்போதுகூட நடுங்காத அவருடைய கால் நடுங்கியது. அது யாருடைய நடுக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொட்டகையில் ஐவரும் ஈரத் துணியோடு வரிசையாகப் படுத்தார்கள். தகரத்தின்மேல் மழை ஆணி கொட்டியது. வலி நிற்கவில்லை. மூன்று மணி வரையிலும் வந்தது.

"இப்ப தோள்பட்டை," என்றான் ஜாகீர். "என்னதுக்கா இது?"

"அண்டாவை மறுபடி பரண் மேல ஏத்தறா," என்றாள் பிலோமினா கண்ணைத் திறக்காமல்.

"இது? மணிக்கட்டு, சுத்திச் சுத்தி வலிக்குது."

"துணி பிழியறது."

"முட்டி?"

"கீழே குனிஞ்சு யாரோ சிந்தினதைத் துடைக்கறா. படுன்னு சொன்னா கேக்கறாளா பாரு."

சுந்தரவடிவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொல்ல, அவர் கை வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

திடீரென்று வலி நின்றுவிட்டது.

குறையவில்லை, அடியோடு நின்றது. ஐவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் போனை எடுத்தார். கொட்டகையில் ஒரு கோடுகூட இல்லை. "முக்காலி," என்றார் வறண்ட வாயோடு. மரகதம் அவர் பட்டையைப் பார்த்தாள். ஆறு என்றிருந்தது. கமலவேணி குழுவில்தான் இருக்கிறார். ஆனால் என்ன ஆனார்?

அப்போது நஞ்சப்பனுக்குக் கொட்டாவி வந்தது. அதே நொடியில் ஜாகீருக்கு. பிலோமினாவுக்கு. மரகதத்துக்கு. கடைசியாக ஃபோர்மேனுக்கு, தாடை கழன்றுவிடும்போல ஒரு பெரிய கொட்டாவி.

"தூங்கறா," என்றார் சுந்தரவடிவேல். கண்ணில் தண்ணீர் நின்றது. கொட்டாவி விட்டால் அப்படித்தான். "ஞாயித்துக்கிழமை பகல்ல தூங்கறா."

சொல்லி முடிப்பதற்குள் ஐவரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

மாலையில் கேட்டைக் கடக்கும்போது, பட்டைகளைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லி ஒரு பெட்டி வைத்திருந்தது. காவலர் குடைக்குள் இருந்தார். பட்டை கட்டிய ஐந்து கைகளும் மெல்ல மடிக்குள் ஒளிந்துகொண்டன. ஜாகீர் வண்டியின் வேகத்தைக் குறைத்தான், பிறகு கூட்டினான்.

மூன்று வாரம் கழித்து, பேக்கிங் பிரிவில் மரகதத்துக்கு ஒரு போன் வந்தது.

"மலையேற்ற அலுவலகத்துல இருந்து பேசறேன். உங்க ஃபோர்மேன் போன் எப்பவும் வேற பேச்சுலயே இருக்கு. எங்க திரையில உங்க குழு இன்னும் இறங்கலைன்னே காட்டுது. பத்திரமா இருக்கீங்களா?"

மரகதம் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். இந்த மூன்று வாரத்தில் நிறைய நடந்திருந்தது. நஞ்சப்பன் மட்டும் பட்டையைக் கழற்றிவிட்டு விலகிக்கொண்டார். அவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து சேர்த்த தூக்கமெல்லாம் பகலில் கமலவேணி அம்மாவின் சமையலறைக்குப் போய், அந்த அம்மா தாளிக்கும்போதே தூங்கி விழுந்தார் என்பதால். தாராபுரத்து அக்கா ஊருக்குப் போய்விட்டார். கமலவேணி அம்மா சாயங்காலம் ஷூ போட்டுக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடக்கிறார். அப்போது மரகதத்தின் தொடையில் மெல்லிய ஒரு சூடு வரும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது வந்தது அதில்லை. நடு இடுப்பு. பிறகு மணிக்கட்டு, சுற்றிச் சுற்றி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுந்தரவடிவேல் பம்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயசைவை மரகதத்தால் படிக்க முடிந்தது. 'போர்வையை வாளியிலேயே வெச்சுரு. நான் வந்து பிழியறேன்.'

கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலி விட்டது.

"ஹலோ? இருக்கீங்களா? எப்ப இறங்கறீங்க?"

"இருக்கோமுங்க," என்றாள் மரகதம். "எல்லாரும் சேர்ந்துதான் இருக்கோம். இன்னும் பாதிகூட ஏறலைங்க."